மூன்றரை வயதுப் பிள்ளையிடம் நன்றியுணர்வைக் கற்க முடியுமா?

வேலைக்குப் போகும் தாய் நீங்கள், வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு, மகனுக்கு மூன்றரை வயது. சிறு பிள்ளைகளைப் பார்த்து நன்றியுணர்வையும் இந்தக் கணத்தில் வாழ்வதையும் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்கு திரும்பினாலும் அறிவுரை கிடைக்கிறது; ஆனால் உங்கள் மகனோ காலையில் முன்பள்ளி வான் வந்து நிற்கும்போது படிக்கட்டில் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு அசைய மறுக்கிறான், அப்பம்மா தேடி வாங்கிவந்த விளையாட்டு லொறிக்கு ஒரு 'தாங்க்ஸ்' கூடச் சொல்லாமல் பெட்டியைக் கிழிக்கத் தொடங்குகிறான், அதைப் பார்க்கும்போது ஞானம் எதுவும் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குணங்கள் பிள்ளைகளிடம் உண்மையில் இருக்கின்றனவா என்பதுதான் உங்கள் கேள்வியின் முதற்பகுதி. அப்படி இருந்தால் பெரியவர் ஒருவர் அவற்றைப் பார்த்துக் கற்க முடியுமா என்பது அடுத்தது. நீங்கள் எழுதாமல் விட்டாலும் வரிகளுக்கிடையில் தெரியும் ஒன்றும் உண்டு: மற்றவர்களுக்கு வருவது எனக்கு வரவில்லையே, என்னில்தான் குறையோ?

முன்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதற்கு முன் கொழும்பிலேயே நீண்ட காலம் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல, ஆய்வாளரும் அல்ல. ஆய்வுகளை வகுப்பறைக்கு வேண்டிய அளவுக்குப் படித்தவர். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவனம் என்ற வகையில் பிள்ளைகளிடம் நமக்கில்லாத ஒன்று நிச்சயமாக உண்டு, ஆனால் அதைத் தியானம் என்று அழைப்பது மிகை. நன்றியுணர்வு, அந்தச் சொல்லின் முழுப் பொருளில், மூன்றரை வயதில் பெரும்பாலும் இருப்பதில்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் ஒரு பிள்ளையை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்ப்பது என்ற வேலை இருக்கிறதே, அது பார்ப்பவருக்கு இரண்டையும் பழக்கும். கற்பிப்பவர் பிள்ளை அல்ல, பார்க்கும் வேலைதான் என்பது என் கருத்து.

முதலில் கவனத்தை எடுத்துக்கொள்வோம். இன்று உலகெங்கும் 'மைண்ட்ஃபுல்னஸ்' (முழுக்கவனம்) என்று பரவியிருக்கும் பயிற்சிக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜோன் கபட்-சின். 1979 இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாட்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளருக்காக அவர் இதைத் தொடங்கினார். அதன் வேர் பௌத்தத் தியான மரபில் இருக்கிறது. அந்த மரபை மேற்குலகுக்கு எளிய மொழியில் விளக்கியவர்களில் ஒருவரான, ஜெர்மனியில் பிறந்த ஞானபொனிக தேரர், கண்டி உடவத்தகலைக் காட்டிலிருந்த ஆச்சிரமத்தில் வாழ்ந்துதான் எழுதினார் என்பதை இலங்கையர் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கபட்-சின் கொடுக்கும் விளக்கத்தில் மூன்று கூறுகள் உள்ளன: வேண்டுமென்றே கவனிப்பது, இக்கணத்தில் நடப்பதைக் கவனிப்பது, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. இந்த முதற் கூறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் தியானம் செய்பவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

எறும்பு வரிசையின் முன் உங்கள் மகன் நிற்கும்போது அவனுக்குள் நடப்பது என்ன என்பதற்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2017 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிவப்பு உருவமும் பச்சை உருவமும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த படங்களைக் காட்டி, ஒரு நிறத்தை மட்டும் கவனிக்கும்படி சொன்னார்கள். கவனிக்கச் சொன்ன உருவம் மாறியபோது அதைக் கண்டுபிடித்ததில் பெரியவர்கள் முந்தினார்கள். கவனிக்கச் சொல்லாத உருவம் மாறியபோதோ நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முந்திவிட்டார்கள்: பிள்ளைகள் 77 வீதம், பெரியவர்கள் 63 வீதம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும் திறமை பெரியவருக்கு முதிர்ந்துவிட்டது. பிள்ளைக்கு அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக (பெர்க்லி) உளவியலாளர் அலிசன் கொப்னிக் இதற்கு ஓர் உவமை சொல்கிறார்: பெரியவரின் கவனம் ஓரிடத்தில் மட்டும் விழும் டோர்ச் வெளிச்சம் என்றால், சிறு பிள்ளையின் கவனம் நாலாபக்கமும் பரவும் லாந்தர் வெளிச்சம். ஆகவே வான் சாரதி ஹோர்ன் அடிப்பதையும் நீங்கள் சப்பாத்தோடு நிற்பதையும் அவன் வேண்டுமென்று புறக்கணிக்கவில்லை. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று வரிசைப்படுத்தும் வேலையை அவனுடைய மூளை இன்னும் உங்களைப்போலச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும், ஏனென்றால் பிள்ளைகள் எப்போதும் சிதறிய கவனத்தோடு இருப்பவர்களும் அல்லர். மரியா மொண்டிசோரி 1907 இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தம் முதல் பள்ளியைத் தொடங்கியபோது, மரக்கட்டையிலுள்ள துளைகளில் அளவு பார்த்து உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்த ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைக் கண்டார். மற்றப் பிள்ளைகளைப் பாடவும் நடக்கவும் செய்தார், அவள் நிமிரவில்லை. அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துவிட்டு, யாரும் சொல்லாமலே நிறுத்தி, தூக்கத்திலிருந்து விழித்தவளைப்போலச் சிரித்தாளாம். பின்னாளில் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். இன்றும் கொழும்பு முன்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கிறது, உள்ளே அந்தப் பொறுமை இருக்கிறதா என்பது வேறு விடயம். நான் பார்த்த அளவிலும் இது உண்மை. பருப்பை ஒரு சிறு கூசாவிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும் பயிற்சியில், ஒரு பருப்பு கீழே விழுந்தால், பிள்ளை குனிந்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு மூன்று தடவை தவறவிட்டு, கடைசியில் நகத்தால் கிளப்பி எடுத்து உள்ளே போட்டுவிட்டு, கூசாவைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்க்கும். பெரியவர் ஒருவர் பருப்புக் கழுவும்போது இப்படி ஒரு பருப்புக்கு மதிப்புக் கொடுப்பதை நான் கண்டதில்லை.

ஆனாலும் இது முழுக்கவனப் பயிற்சி ஆகாது. தியானத்தில் இருப்பவர், மனம் அலைந்துவிட்டதைத் தானே கண்டுகொண்டு, வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவருகிறார். அந்தக் கண்டுகொள்ளலும் திரும்புதலும்தான் பயிற்சி. பிள்ளை அப்படித் திரும்புவதில்லை. எறும்பு கூட்டிக்கொண்டு போகும் இடத்துக்குப் போகிறது. இதன் மறுபக்கத்தைப் பார்க்க விரும்பினால், புதிய வருடத்தில் முன்பள்ளி தொடங்கும் முதல் வாரம் எந்த வாசலிலாவது சற்று நேரம் நின்று பாருங்கள். 'அம்மா பன்னிரண்டு மணிக்கு வருவா' என்று எத்தனை தடவை சொன்னாலும் அங்கே அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆறுதல் கிடைப்பதில்லை, ஏனென்றால் பன்னிரண்டு மணி என்பது அதற்கு இன்னும் ஓர் இடமாகவில்லை. இக்கணத்தில் அம்மா இல்லை, இக்கணம்தான் எல்லாம், ஆகவே அம்மா இல்லவே இல்லை. நீலக் கோப்பை கிடைக்கவில்லை என்று தரையில் விழுந்து புரளும் பிள்ளையும் இதே நிலையில்தான் இருக்கிறது. இக்கணத்தில் மட்டும் வாழ்வது என்பது அறிவுரை எழுதுபவர்கள் நினைப்பதுபோல எப்போதும் அமைதியான இடம் அல்ல. பெரியவருக்கு நாளை என்று ஒன்று தெரிவதால்தான் இன்றைய துன்பத்தைத் தாங்க முடிகிறது. அதை இழந்துவிட்டுப் பிள்ளையாக மாற யாரும் ஆசைப்படத் தேவையில்லை.

அதே நேரம், நாளையைப் பற்றிய நினைப்பு நம்மிடம் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது என்பதும் பொய்யல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வேர்த், கில்பேர்ட் என்ற இருவர் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைத்தொலைபேசி மூலம் நாளின் எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். பதில்களில் 46.9 வீதம், மனம் வேறெங்கோ இருந்ததாகச் சொன்னவை. அப்படி இருந்தபோது அவர்கள் மகிழ்ச்சி குறைந்திருந்ததாகவும் சொன்னார்கள். இது தாங்களே தங்களைப் பற்றிச் சொன்னது, அதுவும் ஐபோன் வைத்திருந்தவர்கள் சொன்னது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி இரவுச் சாப்பாட்டையும் மாதக் கடைசியையும் கணக்குப் போடும் எவருக்கும் அந்த எண் வியப்பாக இராது.

இனி நன்றிக்கு வருவோம். இங்கே நான் சற்றுக் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மக்கள் அதிகம் கற்பனை செய்துகொள்வது இந்த இடத்தில்தான். ஒருவர் நன்றி உணர்வதற்கு, தனக்கு ஒன்று கிடைத்தது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. அதைத் தந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் நினைத்துச் செய்தார், அதற்காக எதையோ செலவழித்தார், அவர் செய்யாமலும் விட்டிருக்கலாம் என்பதெல்லாம் புரிய வேண்டும். அப்படியென்றால் இன்னொருவரின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். விம்மர், பேர்னர் என்ற இருவரும் 1983 இல் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பையன் சொக்கலேட்டை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரம் தாய் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும், சொக்கலேட் இப்போது இருக்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள், தங்களுக்குத் தெரிந்தது அந்தப் பையனுக்கும் தெரியும் என்ற நினைப்பில். நான்கு ஐந்து வயதில்தான் பலருக்கு இது பிடிபடுகிறது. அப்பம்மா எத்தனை கடை ஏறி இறங்கி அந்த லொறியை வாங்கினார் என்பது உங்கள் மகனின் உலகில் இன்னும் நடக்காத சம்பவம். அவனுக்கு லொறி இருக்கிறது, அதுவே போதும்.

வாயால் சொல்வதும் அப்படித்தான். அமெரிக்காவில் 1980 இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், இரண்டு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு ஒருவர் பரிசு கொடுத்தபோது, யாரும் தூண்டாமல் நன்றி சொன்ன சந்தர்ப்பங்கள் நூற்றுக்கு 7 மட்டுமே. வணக்கம் சொல்வதும் விடைபெறுவதும்கூட இதைவிட எளிதாக வந்தன. அதற்கும் வெகுகாலம் முன், 1938 இல், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் பவும்கார்ட்டன்-ட்ராமர் என்ற பெண் உளவியலாளர் ஏழு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்: உன் மிகப் பெரிய ஆசை என்ன, அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய்? சிறியவர்களிடம் அதிகம் காணப்பட்ட பதில்களில் ஒன்று, தமக்குப் பிடித்த ஒரு பொருளை அவருக்குக் கொடுப்போம் என்பது. கொடுத்தவருக்கு என்ன பிடிக்கும், அவரோடு என் உறவு என்ன என்று யோசிக்கும் பதில்கள் வயதோடுதான் கூடின. ஏழு வயதிலேயே நன்றி இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பொருளாக இருக்கும்போது, மூன்றரை வயதுக்காரனை ஆசானாக உட்காரவைப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

நம் நாட்டில் நாமே பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இரவில் விளக்கு வந்ததும் ஒழுங்கை முழுவதும் ஒரு கூச்சல் எழும்பும். பெரியவர்கள் சிரித்தபடி ஃபேனுக்குக் கீழே போய் நிற்பார்கள். சிறு பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்தினார்கள், ஆனால் அடுத்த நிமிடம் அவர்களில் சிலர், மெழுகுதிரி வெளிச்சத்தில் சுவரில் காட்டிக்கொண்டிருந்த முயலும் நாயும் மறைந்துவிட்டதென்று லைட்டை அணைக்கச் சொன்னார்கள். மின்சாரத்துக்கு நாம் நன்றி உணர்ந்தது, அது இல்லாத புழுக்கமும், கெட்டுப்போன மீனும், காஸ் வரிசையும் நம் நினைவில் இருந்ததால். பிள்ளைகள் எதையும் 'இருக்கத்தானே வேணும்' என்று எடுத்துக்கொள்வதில்லை என்பது உண்மைதான். இழந்ததையும் அவர்கள் நம்மைப்போலக் கணக்கில் வைப்பதில்லை. நன்றிக்கு நினைவு வேண்டும். அந்த நினைவு நம்மிடம் இருக்கிறது, ஆகவே அந்த வேலையும் நம்முடையதுதான்.

இதனால் பிள்ளைகள் தன்னலம் பிடித்தவர்கள் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பதினெட்டு மாதக் குழந்தைகள், யாரென்று தெரியாத ஒருவர் கைதவறி விழுத்திய உடுப்புக் கிளிப்பை, கேட்காமலே எடுத்துக் கொடுத்ததை வார்னெக்கன், டொமசெல்லோ ஆகியோர் 2006 இல் காட்டினார்கள். இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகள், தின்பண்டம் வாங்கும்போதைவிட அதைக் கொடுக்கும்போது முகத்தில் அதிக மகிழ்ச்சி காட்டியதாகக் கனடாவில் செய்த ஆய்வொன்று 2012 இல் வெளிவந்தது. பாதி கடித்து ஈரமாகிப்போன மாரி பிஸ்கட்டை உங்கள் வாயில் திணிக்க வந்திருப்பான் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்த ஆய்வுகள் பேசுகின்றன. பிற்காலத்தில் நன்றி முளைக்கும் நிலம் இதுதான் என்று நான் நம்புகிறேன். இது என் நம்பிக்கை, நிறுவப்பட்ட உண்மை என்று சொல்லமாட்டேன். இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செய்யப்பட்டவை. நம் வீடுகளில் சோறு போட்ட அம்மாவுக்கு யாரும் 'நன்றி' சொல்வதில்லை. சொன்னால் அவர் என்னவோ ஏதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நாம் அதை வேறு வழியில் காட்டுகிறோம்: 'நீங்கள் சாப்பிட்டீங்களா' என்று கேட்கிறோம், மீன் துண்டில் ஒன்றை எடுத்து வைக்கிறோம். ஆகவே வாயால் சொன்னதை எண்ணிப் பெற்ற அளவுகளை அப்படியே நம் பிள்ளைகள்மேல் வைத்துப் பார்ப்பது பிழையாகலாம்.

அப்படியானால் பிள்ளையைப் பார்ப்பதில் பெரியவருக்கு என்ன கிடைக்கிறது? ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் ஒரு பயிற்சியைச் சொன்னால் விளங்கும். பிள்ளையின் கண்மட்டத்துக்கு வரும்படி தாழ்வாக உட்கார வேண்டும். தொலைபேசி பையில் இருக்க வேண்டும். பத்து நிமிடம், ஒரு பிள்ளை; உதவக்கூடாது, திருத்தக்கூடாது, 'வெரி குட்' சொல்லக்கூடாது; கண்டதை மட்டும் கொப்பியில் எழுத வேண்டும். முதல் வாரம் எல்லோரும் 'பிள்ளை சந்தோஷமாக விளையாடியது', 'குழப்படி செய்தது' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அதை நாங்கள் வெட்டிவிடுவோம். நீங்கள் கண்டது என்ன? 'இடக்கையால் வாளியின் விளிம்பைப் பிடித்தது; வலக்கையால் மணலை அள்ளியது; பாதி சிந்தியது; சிந்திய இடத்தைப் பார்த்தது; மறுபடி அள்ளியது.' இப்படி எழுதத் தொடங்கியதும் இரண்டாம் நிமிடத்திலேயே மனம் ஓடிவிடும், எழுத எதுவும் இல்லை என்று தோன்றும், வீட்டு வேலை நினைவுக்கு வரும். மறுபடி பிள்ளையின் கையைப் பார்க்க வேண்டும். அலைவது, கண்டுகொள்வது, திரும்புவது, தீர்ப்பை வெட்டிவிட்டுக் கண்டதை வைத்துக்கொள்வது: கபட்-சின் சொன்ன மூன்று கூறுகளும் இங்கே இருக்கின்றன, ஆனால் அவை இருப்பது கொப்பி வைத்திருப்பவரிடம்.

இது மேற்குலகிலிருந்து வந்த உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். சங்கப் புலவர்களில் ஒருவனான பாண்டியன் அறிவுடை நம்பி, சாப்பாட்டு நேரத்துப் பிள்ளையைப் பாடியதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். குறுகுறுவென நடந்து வருவது, சின்னக் கையை நீட்டுவது, சோற்றைத் தரையில் இடுவது, தொடுவது, வாயால் கவ்வுவது, கையால் துழாவுவது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்வது என்று, ஒரு அரசன் தன் கண்முன் நடந்ததை ஒவ்வொரு செயலாக எண்ணி வைத்திருக்கிறான். பிள்ளை நல்லது, கெட்டது, சமர்த்து என்று அந்த வரிசையில் ஒரு தீர்ப்பும் இல்லை. பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் எதிர்பார்க்கும் பதிவு அதுதான். இதையே நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பத்துப் பருவங்களாக வகுத்துவைத்தார்கள். குழந்தை தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையும், கை கொட்டும் சப்பாணியும், நிலவை அழைக்கும் அம்புலியும் யாரோ பக்கத்தில் இருந்து பார்த்ததால் வந்த பெயர்கள்.

நன்றி இதில் எங்கே வருகிறது என்றால், பார்வை கூர்மையாகும்போது பிள்ளையைச் சுற்றியிருக்கும் கைகளும் கண்ணில் படத் தொடங்கும். மகன் சோறு சாப்பிடுவதைப் பத்து நிமிடம் எழுதிப் பாருங்கள். அந்த மீனில் முள் இல்லை என்பதை மூன்றாம் நிமிடத்தில் காண்பீர்கள், முள் எடுத்தது யார் என்பது உடனே நினைவுக்கு வரும். உங்கள் கேள்வியிலிருந்து ஊகித்தால், நீங்கள் வேலையில் இருக்கும் நேரம் அது மாமியாராகத்தான் இருக்க வேண்டும். பட்டியல் போட்டு நன்றி உணரும் முறையைப் பற்றி எம்மன்ஸ், மக்கலோ ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. வாரம் ஒருமுறை, பத்து வாரம், நன்றி உணரத்தக்கவற்றில் ஐந்து வரை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாகச் சொன்னார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த, பின்னர் வந்த தொகுப்பாய்வுகள், வேறேதாவது நல்ல பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் அந்தப் பலன் சிறியதுதான் என்று காட்டுகின்றன. ஆகவே வாழ்க்கை மாறிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. 'குடும்பம், உடல்நலம், வேலை' என்று பொதுவாக எழுதும் பட்டியலைவிட 'முள் எடுத்த மீன்' என்று எழுதும் ஒரு வரி மனதில் தங்குகிறது என்பது என் அனுபவம்.

லொறி விடயத்தில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'தாங்க்ஸ்' சொல்வது மரியாதை. அதை வணக்கம் சொல்வதுபோல, சாப்பிடமுன் கை கழுவுவதுபோலப் பழக்கலாம், நினைவூட்டலாம், அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, சொல்லும்வரை லொறியைப் பறித்து வைத்தால், அவன் கற்பது கொடுத்தவரைப் பற்றி அல்ல, பறித்தவரைப் பற்றி. உணர்வு வளர வேண்டுமென்றால், கொடுத்தவரின் மனதை அவனுக்குத் திறந்து காட்டுங்கள்: 'உனக்குச் சிவப்பு லொறிதான் பிடிக்கும் என்று அப்பம்மா ஞாபகம் வைச்சிருந்தவா, கடையில் தேடித் தேடி எடுத்தவா.' அதைவிட முக்கியம், மீன் முள் எடுத்ததற்கு நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்வதை அவன் காதில் விழவிடுவது. மாமியார் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்; பரவாயில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, நீங்கள் கேட்காததாகவே இருந்தாலும், பதில் இது: எரிச்சல் வருவது குறையல்ல. வான் நிற்கும் நேரம் பார்ப்பதற்கான நேரம் இல்லை. எறும்புக்கு 'போயிட்டு வாறோம்' சொல்லச் செய்து, தூக்கிக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் பார்ப்பதற்கு, அவசரம் இல்லாத ஒரு வேளையை, குளிப்பாட்டும் நேரத்தையோ ஞாயிறு பின்னேரம் கடற்கரையையோ தெரிவுசெய்யுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு போதும். நாள் முழுவதும் விழித்த மனதோடு இருக்கும் தாய் கட்டுரைகளில் மட்டும்தான் இருக்கிறாள். அவளுக்கு வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று அவை சொல்வதில்லை. ஆனால் 'எதிலும் மனம் நிற்பதில்லை, தூக்கமும் இல்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால், அதைத் தியானத்தால் தீர்க்கப் பார்க்காமல் வைத்தியரிடம் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மகனின் ஆழ்ந்த கவனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா ஆழ்ந்த கவனமும் ஒன்றல்ல, அதை அழகாக வருணிக்கும் எழுத்துகள் இதைத் தவறவிடுகின்றன. வழமையாக, எறும்பைப் பார்க்கும் பிள்ளை சற்று நேரத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கும், விரலால் காட்டும், 'அம்மா, இஞ்ச பாருங்கோ' என்று நீங்களும் பார்த்தீர்களா என்று சரிபார்க்கும். ஒரு வயதளவிலேயே தொடங்கும் பழக்கம் இது. உங்கள் மகன் அப்படிச் செய்கிறான் என்றால் கவலைப்பட எதுவும் இல்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் பலமுறை திரும்பாமல், எதையும் காட்டிப் பகிராமல், ஒரே பொருளை ஒரே விதமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளையை, 'கணத்தில் வாழ்கிறது' என்று மெச்சிக்கொண்டிருக்காமல், பிரதேசச் சுகாதார மருத்துவ அதிகாரியின் (எம்.ஓ.எச்.) கிளினிக்கிலோ சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ காட்ட வேண்டும். காது கேட்பதில் குறை இருந்தாலும் இப்படித் தோன்றலாம் என்பதால் முதலில் காதைச் சோதிப்பார்கள். போகும்போது பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு நீங்கள் எழுதிய அந்தப் பத்து நிமிடப் பதிவுகளையும் கொண்டுபோங்கள். 'சரியான குழப்படி, டொக்டர்' என்பதைவிட, என்ன செய்தது, எத்தனை தடவை, கூப்பிட்டபோது திரும்பியதா என்று எழுதிய ஒரு பக்கம் அவர்களுக்கு அதிகம் உதவும்.